இங்கு அரசியல் பேசக்கூடாது

எங்கள் மில்லில் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் ஜீவன் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பாயின்ட் தராசு. குச்சிக்கிழங்கு லோடு வந்து நின்றதும் நாலு கிழங்கை உருவி, மண் போக அலசி, தண்ணீருக்குள் வைத்து எடை பார்த்தால், இதில் மாவு இவ்வளவுதான் என்று முள் காட்டிவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் விலை. இருபத்தெட்டு பாயின்ட் வரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு வந்த விவசாயியின் முகத்துக்கு நேராக இருபத்து நாலு என்று கூசாமல் சொல்லும். தாட்சண்யம் கிடையாது. முதலாளிக்குச் சம்பந்தி என்றாலும் அதே இருபத்து நாலுதான். பதினாறு வருடமாக நான் பார்க்க அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பதினாறு வருடமாக ஒருவரும் அதை நம்பியதில்லை.

உள்ளதை உள்ளபடி பேசித் தலைமை தாங்குவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஏற்காடு மலைக்குப் போனேனே, அதற்கு முன்னால் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம். டீசல் மிச்சமாகியிருக்கும்.

மில் இருப்பது குப்பனூர்ப் பக்கம். ஏற்காடு போனவர்களில் பாதிப் பேருக்குக் குப்பனூர் தெரியாது. சேலத்திலிருந்து மலைக்கு இரண்டு வழி. ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அடிவாரம் வழி. இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு நம்பர், குரங்கு, வாந்தி, செல்ஃபி எல்லாம் அங்கேதான். இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, குப்பனூரில் மலையைத் தொட்டு, கொட்டச்சேடு வழியாக ஏறுவது. மழையில் பெரிய பாதையில் பாறை உருண்டாலோ மண் சரிந்தாலோ அங்கே தடுப்பு வைத்துவிட்டு, “குப்பனூர் வழியாப் போங்க” என்று கை காட்டிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் எங்கள் ஊர் டீக்கடையில் பால் தீர்ந்துபோகும். இந்த இரண்டாம் வழியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2024 மார்ச். நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கும் நேரம். களத்தில் வெயில் நன்றாக ஏறி ஜவ்வரிசி கலகலவென்று காய்கிற மாதம். எங்கள் முதலாளியின் பையன் அப்போதுதான் கோயமுத்தூரில் மேல்படிப்பு முடித்துவிட்டு வந்திருந்தார். படித்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் மாதம் மிஷினைப் பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் மனிதர்களைப் பார்ப்பார்கள். அவர் பார்த்த நேரத்தில் எடைமேடைக்காரரும் கணக்கு எழுதும் அக்காவும் கூட்டணிக் கணக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நாலு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. மறுநாளே ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு மேனேஜர் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார். சாப்பாடு, தங்கல், சான்றிதழ் உட்பட.

அன்று பெரிய வழியில்தான் போனேன். சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய கம்பெனி. படக் கம்பெனியை ஆலை மாதிரி நடத்தினார், கண்டிப்புக்காரர் என்று எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1950-ல் அங்கிருந்து வந்த ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதியவர் கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். ஒருவர் 1969-ல் முதலமைச்சர். மற்றவர் 1977-ல். ஒரே கம்பெனியில், ஒரே படத்தில் வேலை பார்த்த இரண்டு பேர்! எங்கள் மில்லில் இரண்டு பேர் ஒரே ஷிஃப்டில் இருந்தால் டீ பில்லுக்கே சண்டை வருகிறது. அந்தப் படத்தை இயக்கியதில் பங்குள்ள எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். ஆபீஸ் அரசியலில் சிக்காமல் வேலை பார்க்க அதைவிடப் பத்திரமான ஏற்பாட்டை எந்தப் பயிற்சியாளரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

பயிற்சியாளர் கோட்டு போட்டிருந்தார். மலையில் குளிர் ஒன்றும் பிரமாதமாக இல்லை, ஆனாலும் போட்டிருந்தார். “நாம எல்லாரும் ஆபீசுக்கு ஒரு முகமூடி மாட்டிட்டுப் போறோம். அதைக் கழட்டுங்க” என்று ஆரம்பித்தார். மெட்ரானிக் கம்பெனியை நடத்திய பில் ஜார்ஜ் என்பவர் இதைப் பற்றி 2003-லேயே புத்தகம் எழுதிவிட்டாராம். தலைவன் என்பவன் தான் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும், உள்ளே நினைப்பதையே வெளியே பேச வேண்டும். இது முதல் நாள் பாடம். இரண்டாம் நாள் பாடம், வேலை செய்யும் இடத்தில் அரசியல் பேச்சே இருக்கக்கூடாது. அமெரிக்காவில் காயின்பேஸ் என்ற கம்பெனி 2020-ல் இப்படி அறிவித்ததும் பிடிக்காத அறுபது பேர் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். அடுத்த வருடம் பேஸ்கேம்ப் என்ற இன்னொரு கம்பெனியில் இதே அறிவிப்பு. அங்கே மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போய்விட்டார்கள்.

மனதில் உள்ளதைப் பேசு என்பது முதல் நாள். மனதில் ரொம்ப அதிகமாக உள்ளதைப் பேசாதே என்பது இரண்டாம் நாள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று எனக்கு அங்கே தோன்றவில்லை. மத்தியானம் போட்ட பிரியாணி அப்படி.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் போர்டு எழுதச் சொன்னேன். பரம்பரையான போர்டுதான். அந்தக் காலத்து சலூனில் கண்ணாடிக்கு மேலே, டீக்கடையில் தினத்தந்தி கிடக்கும் பெஞ்சுக்கு மேலே, “இங்கு அரசியல் பேசக்கூடாது” என்று இருக்கும். சலூனுக்கு அது அவசியம். ஒருவன் கையில் கத்தி, இன்னொருவன் கழுத்து அதற்கடியில். இந்த நிலையில் கருத்து வேறுபாடு கூடாது. ஆனால் நான் பார்த்த சலூன்களில் எல்லாம் போர்டை எழுதி மாட்டிய கடைக்காரர்தான் அதிகம் பேசினார். போர்டு வாடிக்கையாளருக்கு என்று வைத்திருந்தார் போலிருக்கிறது.

பெயின்டர் மூன்றடிக்கு இரண்டடித் தகரத்தில், மஞ்சள் பின்னணியில் கறுப்பு எனாமலில், ஒரே வரியாக எழுதிக் கொடுத்தார். மஞ்சள், கறுப்பு எந்தக் கட்சிக் கொடியிலும் வராதா என்று இருமுறை கேட்டேன். “கறுப்பு வராத கொடி வேணும்னா வெள்ளையிலதான் எழுதணும் சார். வெள்ளையில வெள்ளை தெரியாது” என்றார். எடைமேடை ரூமுக்கு வெளியே, தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினோம். அந்த இடத்தில் மழைத்தண்ணீர்க் குழாய் இரண்டு வருடமாக உடைந்து கிடக்கிறது என்று எலக்ட்ரீசியன் சொன்னார். மார்ச்சில் மழையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அமெரிக்காவில் நடந்தது போல ஆட்கள் விலகிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. ஒருவரும் விலகவில்லை. மாறாக, அன்றைக்கு லீவு போட்டிருந்த இரண்டு பேர் போர்டைப் படிக்க வந்துவிட்டுப் போனார்கள்.

வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று ஒரு பழைய பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு வைத்தேன். கட்சி, தலைவர், சின்னம், எது வாயில் வந்தாலும் பத்து ரூபாய். பாய்லர் பார்ப்பவர் பொதுவுடைமைக்காரர். எல்லோரும் அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். “உண்டியல் வெச்சுட்டீங்கன்னா அப்புறம் இது எங்க கட்சி மில்லுங்க” என்று சொல்லிவிட்டு முதல் பத்து ரூபாயை அவரே போட்டார்.

இரண்டாவது பத்து ரூபாய் என்னுடையது. “அக்கா, வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டீங்களா?” என்றேன். கணக்கு அக்கா டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். “கை, சார்.”

விதி என் விதிதான், கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் நான் எப்பேர்ப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு எப்பேர்ப்பட்ட சட்டம் போட்டிருக்கிறேன் என்று விளங்க ஆரம்பித்தது. ஜவ்வரிசி என்றால் வெயில். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த மாவுச் சரக்கு நின்றுபோய், 1943-ல் சேலத்தில் இந்தத் தொழில் தொடங்கிய நாள் முதல், மாவைக் குலுக்கி உருட்டி, தட்டில் வாட்டி, சிமென்ட் களத்தில் பரப்பிவிட்டு எல்லோரும் அண்ணாந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வந்தது. எது வந்தாலும் காலை ஏழு மணிக்குக் களத்து மேஸ்திரியிடம் நான் கேட்டாக வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்.

“அண்ணே, சூரியன் வந்துச்சா?”

பத்து ரூபாய்.

“வெயில் வந்துச்சா” என்று மாற்றிக் கேட்டேன். எடைமேடைக்காரர் எதிர்க்கட்சி, அவர் எழுந்துவிட்டார். “அது எதுலருந்து சார் வருது?” என்றார். பத்து ரூபாய்.

மத்தியானச் சாப்பாட்டில் இன்னும் மோசம். கேன்டீன்காரம்மா, “இன்னும் ரெண்டு இலை போடட்டுங்களா?” என்று கேட்டதும் பந்தியே டப்பாவைப் பார்த்தது. 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் முதன்முதலாக அந்தச் சின்னத்தில் நின்று ஜெயித்ததிலிருந்து, தமிழ்நாட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்துச் சாப்பாடு போட முடியாமல் போய்விட்டது. ஒன்று அல்லது மூன்று இலைதான் போடவேண்டும். குக்கர் விசில் அடித்தால் ஒரு கட்சி. பல்பு மாற்ற ஏணி கேட்டால் ஒரு கட்சி. தண்ணீர்ப் பானை ஒரு கட்சி. கரண்டு போனால் டார்ச் லைட் ஒரு கட்சி, இருட்டிலேயே நின்றோம். இதெல்லாம் போகட்டும், சேலத்தில் இருந்துகொண்டு ஏப்ரல் மாதத்தில் மாம்பழம் என்று சொல்லக்கூடாது என்றால் எப்படி? எலக்ட்ரீசியனின் மாமனார் வீட்டிலிருந்து ஒரு கூடை வந்தது. நாள் முழுக்க “அது”, “அது” என்றே சொல்லிக்கொண்டு தின்றோம். 2012-ல் உத்தரப் பிரதேசத் தேர்தலின்போது லக்னோவில் கல் யானைகளுக்கெல்லாம் துணி சுற்றி மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். அன்றைக்குச் சிரித்தவன் நான். இப்போது ஒரு மாம்பழக் கூடைமேல் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் டப்பாவில் முந்நூற்று நாற்பது ரூபாய். அதில் நூற்றுத் தொண்ணூறு நான் போட்டது.

பிறகு திடீரென்று வசூல் நின்றது. ஆட்கள் திருந்திவிட்டார்கள் என்று முதலாளியின் பையனுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் யாருக்கோ மடல் அனுப்பினார். திருந்தவில்லை. பெரிய பாதையை நான் மறித்ததும் எல்லோரும் குப்பனூர் வழியில் ஏற ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த வழியை எங்கள் சித்தப்பா எப்போதோ போட்டுவைத்துவிட்டார். அவர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவர். அரசு ஊழியர் அரசியலில் ஈடுபடக்கூடாது என்று 1973-ஆம் வருடத்து நடத்தை விதிகளில் இருக்கிறது. அதைச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். ஒரு நாளும் ஒரு கட்சியின் பெயரையும் உச்சரித்தது கிடையாது. அவரிடம் இரண்டே சொல்தான். “அவங்க”, “இவங்க.” “அவங்க இருந்தப்ப இப்படியா இருந்துச்சு? இவங்க வந்ததுக்கப்புறம்தானே!” அவ்வளவுதான். அவங்க யார், இவங்க யார் என்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தானாகவே மாறிக்கொள்ளும். வாக்கியத்தை மாற்ற வேண்டிய வேலை இல்லை. ஓய்வு பெறும்போது ஒழுங்கு நடவடிக்கை ஒன்றுகூட இல்லாத பணிப்பதிவேடு.

எங்கள் ஆட்கள் அவரையும் தாண்டிவிட்டார்கள். கரைவேட்டி கூடாது என்றேன். வெள்ளை வேட்டியில் வந்தார்கள், சட்டைப்பையில் பேனா மூடி மட்டும் இரண்டு நிறம். எடைமேடைக்காரர் செல்போனில் எம்.ஜி.ஆர். படப் பாட்டு. எதிர் மேஜையிலிருந்து உடனே நாகூர் ஹனீபாவின் குரல் எழும். ரிங்டோன் பேச்சில் சேருமா என்று நான் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே மூன்றாவதாக ஒரு போன் அடித்தது. ஜவ்வரிசியின் தரத்தைப் பற்றிப் பேசினால்கூட எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. “போன தடவை சரக்கு வெள்ளையா இருந்துச்சு, இந்தத் தடவை கொஞ்சம் நிறம் மங்கல்” என்று மேஸ்திரி சொன்னால் களத்தில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் முறைக்கிறார்கள். நான் மட்டும் குனிந்து ஜவ்வரிசியைப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

மீதி அரசியல் கேட்டுக்கு வெளியே முப்பது அடி தள்ளி டீக்கடைக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் மூட்டை தூக்கிக்கொண்டே பேசியவர்கள் இப்போது பேசுவதற்கென்றே ஒரு டீ குடிக்கப் போனார்கள். மலைக்கு மேலிருந்து வரும் ஆட்களுக்கும் கீழே இருக்கிறவர்களுக்கும் ஒரே பேச்சில் முடியாது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி நாடாளுமன்றக் கணக்கில் கள்ளக்குறிச்சியோடு சேரும். சேலத்தில் குடியிருப்பவனுக்குச் சேலம். ஆகவே இரண்டு தொகுதிக்கும் தனித்தனி டீ. களத்தில் ஜவ்வரிசியைத் தள்ளிக் கிளற ஆள் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தது.

இதைக்கூடச் சமாளித்திருப்பேன். எதிர்பாராதது வேறு.

எடைமேடைக்காரருக்கும் கணக்கு அக்காவுக்கும் பதினோரு வருடச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கட்சிச் சண்டையை. அந்தச் சண்டையை நிறுத்தியதும் இருவரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேச விஷயம் வேண்டுமே! மூன்றாம் நாள் அக்கா வாயைத் திறந்தார். “ஏங்க, எடைச் சீட்டை மூணு மணிக்குக் கொடுத்தா நான் எப்ப என்ட்ரி போட்டு எப்ப வீட்டுக்குப் போறது?” எடைமேடைக்காரர் சொன்னார்: “ஃபேன் உங்க தலைக்கு மேல ஓடுது. என் ரூம்ல தகரம் காயுது. அங்க உட்கார்ந்து ஒரு நாள் எழுதிப் பாருங்க, கை வேர்த்து சீட்டே நனையுது.” கை என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. டப்பாவை யாரும் நகர்த்தவில்லை. விஷயம் அவ்வளவு முற்றிப்போயிருந்தது.

ஃபேன், ஃபிளாஸ்க், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட், போன தீபாவளிக்கு யாருக்கு எந்த ஸ்வீட் பாக்ஸ், அரைக் கிலோவா கால் கிலோவா. பதினோரு வருடமாகக் கட்சியின் பெயரால் கழிந்துகொண்டிருந்ததெல்லாம் ஒரே வாரத்தில் சொந்தப் பெயரில் வந்து நின்றது. டெல்லியில் யார் ஆட்சி என்று கத்திக்கொண்டிருந்தவரை ஃபேன் யாருடையது என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. முதலாளிக்கு மொட்டைக் கடிதம் மூன்று போயிற்று. மூன்றிலும் என் பெயர் இருந்தது. இரண்டு கடிதத்தில் எழுத்துப்பிழைகூட ஒரே மாதிரி.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அறையில் இரண்டு காலண்டர் உண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, ஒரே ஆணியில். வருகிறவர் யார் என்று வாட்ச்மேன் கேட்டிலிருந்து போன் செய்வார். அதற்குள் முன்னது பின்னதாகிவிடும். தேர்தலுக்குத் தேர்தல் எல்லோருக்கும் நன்கொடை, எல்லோருக்கும் ரசீது. அவர் ஒரு நாளும் அரசியல் பேசியதில்லை. எனக்குத் தெரிந்து பயிற்சிக்குப் போகாமலே பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர்தான்.

“என்ன மேனேஜரே, மில்லுல என்ன நடக்குது?” என்றார்.

முகமூடியைக் கழட்டும் நேரம் இது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. கோட்டு போட்ட குரல். சொன்னேன். குழாய் உடைந்து இரண்டு வருடம் ஆயிற்று என்றேன். எடைமேடை ரூமுக்கு ஃபேன் இல்லை என்றேன். சூப்பர்வைசராகச் சம்பளம் வாங்கும் அவருடைய மச்சினரை நான் கடைசியாகப் பார்த்தது ஆயுத பூஜை அன்று பொரி வாங்கும்போது என்றேன். போனஸ் எட்டே முக்காலா பத்தா என்று எல்லோரும் கேட்கிறார்கள், சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், நீங்கள் அதைத்தான் தரப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ‘பார்க்கலாம்’ என்று இனிமேல் என்னால் பொய் சொல்ல முடியாது என்றேன். மூச்சு வாங்கியது. பதினாறு வருடத்தில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. கூடவே ஒரு சந்தோஷம்.

முதலாளி என்னை நிதானமாகப் பார்த்தார். கோபப்படவில்லை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“வேற எங்கயாச்சும் வேலை கிடைச்சிருச்சாங்க?”

“இல்லைங்க.”

“வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?”

“இல்லைங்க.”

“சுகர் பார்த்தீங்களா கடைசியா?”

மறுநாள் எனக்கு லீவு என்று அவரே முடிவு செய்தார். ஆத்தூரில் தெரிந்த டாக்டர் ஒருவரின் நம்பரையும் கொடுத்தார். நான் வெளியே வரும்போது பாயின்ட் தராசுக்கு முன்னால் ஒரு விவசாயி, “முள்ளு ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க, தட்டிப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சுகர் இல்லை என்று சொல்லிவிட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று ஓட்டுக் கேட்க ஒரு கட்சியின் வட்டாரப் பிரமுகர் வந்தார். கேட்டில் போன், அறையில் காலண்டர், எல்லாம் முறைப்படி நடந்தது. போகும்போது போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். இருமுறை படித்தார்.

“இது யாருக்கு எதிரா வெச்சது?”

“யாருக்கும் எதிரா இல்லீங்க. பொதுவா வெச்சது.”

“பொதுவான்னா? எல்லாரும் வேண்டாம்னா? நோட்டாவா?”

களத்து மேஸ்திரிக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும். மலைக்காரர் அவர். 2013 டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக நோட்டா பொத்தான் வந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மந்திரிகளெல்லாம் மலையில் முகாம் போட்டிருந்த அந்தத் தேர்தலில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் அதை அழுத்தினார்கள். அதில் தானும் ஒருத்தர் என்று மேஸ்திரி மார் தட்டுவார்; ரகசிய வாக்கு என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது. அவர் பிரமுகரைக் கையைப் பிடித்து நிறுத்தி நோட்டாவின் வரலாற்றைத் தொடங்கினார். எடைமேடைக்காரர் ஓடிவந்தார். அக்கா பேனாவை மூடினார். தோழர் பாய்லரை விட்டுவிட்டு வந்தார். இருபது நாளாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சின்னம் சின்னமாக, பெயர் பெயராக, 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதிலிருந்து பிடித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் தகரத்தில் எழுதி நிறுத்தப் பார்த்திருக்கிறேன்! பின்னால் ஆறு லாரி ஹாரன் அடித்தது. ஃபேனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அன்று சாயங்காலம் எடைச் சீட்டு நாலரை மணிக்குத்தான் போனது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எதிர்க்கட்சிப் பிரமுகர் வந்தார். அவரும் போர்டுக்கு முன்னால் நின்றார். “அவங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் வெச்சீங்களா?” என்றார். முதலாளி அதற்குமேல் பொறுக்கவில்லை.

“போர்டை எடுத்துரலாங்களா?” என்றேன்.

“எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேட்பாங்க. தகரத்துக்குக் காசு கொடுத்திருக்கோம். திப்பி விக்காம குவிஞ்சு கிடக்குது பாருங்க, அதை எழுதிப் போடுங்க.” திப்பி என்றால் மாவை எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கை, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். “‘இங்கு’ அப்படியே இருக்கட்டும், அதுக்கு எதுக்கு வேற பெயின்ட்?”

பெயின்டர் தேர்தல் வேலையில் சுவர் சுவராக ஓடிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை. எலக்ட்ரீசியன்தான் எழுதினார். ‘இங்கு’வை விட்டுவிட்டு மற்றதன்மேல் சுண்ணாம்பை அடித்து, அது காய்ந்ததும் காவிக்கட்டியைக் கரைத்து “திப்பி கிடைக்கும்” என்று எழுதினார். காவியா என்று எடைமேடைக்காரர் ஆரம்பித்தார். நான் டப்பாவைப் பார்த்தேன். டப்பாவைக் காணோம். தோழர் அதில் போண்டா வாங்கி வந்திருந்தார்.

ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். மே மாதம் கோடை மழை மலையிலிருந்து இறங்கியது. ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் நான் வரும்போது எடைமேடைக்கு முன்னால் ஒரு கூட்டம். உடைந்த குழாயிலிருந்து கூரைத் தண்ணீர் போர்டின் நடுவில் விடிய விடிய அருவியாக விழுந்திருக்கிறது. நடுவில் சுண்ணாம்பும் போய், திப்பியும் போய், அடியிலிருந்த எனாமல் கழுவி விட்டாற்போல் பளிச்சென்று தெரிந்தது. வலது ஓரம் கூரைக்கு உள்ளடங்கி இருந்ததால் அங்கே எலக்ட்ரீசியனின் எழுத்து அப்படியே இருந்தது.

“இங்கு அரசியல் கிடைக்கும்.”

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து தீவனத்துக்கு வந்த வண்டிக்காரர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“டன்னு என்ன விலைங்க?” என்றார்.

எடைமேடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா எடைமேடைக்காரரைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.